ஒற்றை ஆசனம்

கொழும்புக் கோட்டையின் மதிலுக்கு வெளியே அமைந்தமையால் புறக்கோட்டை எனப் பெயர்பெற்ற நகர்ப்பகுதியிலிருந்து, கடற்கரையை ஒட்டி வடக்கே கொச்சிக்கடை நோக்கிச் செல்வது செட்டியார் தெரு. இன்று பொன்னகைக் கடைகளுக்குப் பேர்போன அத்தெருவில், 19ஆம் நூற்றாண்டிலே நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைகளும், அரிசி வணிகரின் கிட்டங்கிகளும், கதிர்வேலர் கோயில்களும் நெருங்கி நின்றன. அங்கே குமாரசுவாமி முதலியாரின் இல்லத்தில் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. பிற்காலத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என இலங்கை முழுவதும் அறிந்த பெருமகனார் அவரே.

அவருடைய வரலாற்றைப் பேசுவோர் வழக்கமாகக் கோயிற்றிருப்பணியையும் கல்லூரிகளையும் 1915ஆம் ஆண்டின் கடற்பயணத்தையும் எடுத்துரைப்பர். அவை யாவும் உரியவையே. எனினும் அவ்வாழ்க்கையை ஊன்றி நோக்குவார்க்கு அதன் நடுவில் ஒரு நாற்காலி தென்படும். சட்டநிரூபண சபையில் இலங்கைத் தமிழர் அனைவருக்கும் சேர்த்து ஆங்கில அரசு போட்டுவைத்த ஒற்றை நாற்காலி அது.

1833ஆம் ஆண்டில் அமைந்த அச்சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அவ்வறுவரிலும் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூன்றிடங்களும் சிங்களவர்க்கு ஒன்று, பறங்கியர்க்கு ஒன்று, தமிழர்க்கு ஒன்று எனப் பங்கிடப்பட்டன. தேர்தல் என்ற பேச்சே இல்லை. தேசாதிபதி எவரை நியமிக்கிறாரோ அவரே அந்தச் சமூகத்தின் குரல். கோப்பிப் பயிர் செழித்தபோது தோட்டத்துரைமாருக்கென்று சபையில் தனி ஆசனம் உண்டாயிற்று. வணிகத் துரைமாருக்கும் உண்டாயிற்று. 1881ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இத்தீவின் மக்கள் ஏறக்குறைய 27 இலட்சம். அவர்களுள் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சம். சில ஆயிரம் ஐரோப்பியர்க்கு மூன்று நாற்காலிகள். ஏழு இலட்சம் தமிழர்க்கு ஒன்று. யாழ்ப்பாணத்துக் கமக்காரன், மட்டக்களப்பு வயற்காரன், செட்டியார் தெரு வணிகன், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து சென்ற கோப்பித் தோட்டத் தொழிலாளி ஆகிய அத்தனை பேரும் அந்த ஒன்றிலேதான் அமரவேண்டும்.

அந்நாற்காலியில் முதலில் அமர்ந்தவர் இராமநாதனின் தாய்வழிப் பாட்டனாராகிய குமாரசுவாமி முதலியாரே. பருத்தித்துறைப் பக்கத்துக் கெருடாவிலிலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறிய குடும்பத்தவர். தேசாதிபதியின் தமிழ்த் துவிபாஷிகராக விளங்கியவர். 1835ஆம் ஆண்டில் நியமனம் பெற்ற அவர் மறுவருடமே மறைந்தார். அவருக்குப் பின்னர் சைமன் காசிச்செட்டியும் எதிர்மன்னசிங்க முதலியாரும் அவ்விடத்தை வகித்தனர். 1861இல் அது மீண்டும் அக்குடும்பத்துக்கே வந்தது. இம்முறை வந்தவர் முதலியாரின் மைந்தர் முத்துக்குமாரசுவாமி.

முத்துக்குமாரசுவாமியின் கதை தனியே ஒரு பேச்சுக்கு உரியது. இலண்டனிலுள்ள லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் 1863ஆம் ஆண்டு அவர் பாரிஸ்டரானார். கிறித்தவரும் யூதரும் அல்லாத ஒருவர் ஆங்கில நாட்டு வழக்கறிஞர் வரிசையில் ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சுத்த நிபாதத்தையும், புத்தர்பிரானின் தந்ததாது வரலாறு கூறும் தாதவம்சத்தையும் 1874இல் ஆங்கிலமாக்கித் தந்தார். சைவத் தமிழர் ஒருவர் பாளி மொழி நூல்களை ஆங்கிலேயர்க்கு எடுத்துரைத்தார் என்பது எண்ணத்தக்கது. அவ்வாண்டிலேயே அவருக்குச் 'சேர்' பட்டமும் கிடைத்தது. ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்தார். 1877இல் ஒரு மகன் பிறந்தான். கலையுலகம் பின்னர் ஆனந்த குமாரசுவாமி என்று போற்றிய அக்குழந்தையும் தாயும் இங்கிலாந்து சென்றிருந்தனர். அவர்களிடம் செல்லக் கப்பலேறவேண்டிய நாளில், 1879 மே மாதம் 4ஆம் நாள், சேர் முத்துக்குமாரசுவாமி கொழும்பில் உயிர்நீத்தார்.

நாற்காலி வெறுமையாயிற்று. அதற்கு உரியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. தேர்தல் இல்லாத நாட்டிலும் ஒரு போட்டி நிகழ்ந்தது என்பதுதான் இங்கே சுவையான செய்தி. ஒருபுறம் கிறித்தோபர் பிரித்தோ. கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவர், தேர்ந்த அப்புக்காத்து, முக்குவர் சட்டத்தைப் பற்றி நூல் எழுதியவர், யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கல்வியால் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். மறுபுறம் முத்துக்குமாரசுவாமியின் மருகர் இராமநாதன்; வயது இருபத்தெட்டு; கொழும்பு அக்கடமியிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் பயின்று, சேர் றிச்சட் மோகனிடம் சட்டங் கற்று, 1874 முதல் புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்குரைத்து வந்த இளைஞர்.

தராசு இராமநாதன் பக்கம் சாய்ந்தமைக்குக் கொழும்பு மாளிகைகளின் செல்வாக்கு மட்டும் காரணமன்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அவருக்காகக் கூட்டங் கூட்டினார். 1876, 1877ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் கஞ்சித்தொட்டி நடத்திய நாவலர், அரசாங்கத்தை நோக்கிப் பேசத்தக்க சைவர் ஒருவர் சபையில் வேண்டுமெனக் கருதினார். பொதுமக்கள் கூடித் தம் பிரதிநிதி இன்னார் ஆகவேண்டுமென்று கேட்டனர். தேசாதிபதி லோங்டன் இசைந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே நாவலர் சிவபதம் அடைந்தார். அவர் தமது இறுதி மாதங்களில் ஆற்றிய அப்பொதுப்பணி, வாக்குச்சீட்டு இல்லாத காலத்தில் யாழ்ப்பாண மக்கள் அளித்த வாக்கு என்றே கொள்ளத்தகும்.

1879 முதல் 1892 வரை பதின்மூன்று ஆண்டுகள் இராமநாதன் அவ்விடத்தில் வீற்றிருந்தார். எதிரே தோட்டத்துரைமாரின் பிரதிநிதி. பக்கத்தே உத்தியோகத்தரின் பெரும்பான்மை. வாக்கெடுப்பில் வெல்ல வழியில்லை. பேச்சினால், அதுவும் வழக்கறிஞருக்குரிய சான்றும் புள்ளியும் நிறைந்த பேச்சினால், அரசாங்கத்தைக் கூச்சப்படுத்தியே காரியங்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கலையில் அவரை விஞ்சியவர் அக்காலத்தில் அரியர்.

1884ஆம் ஆண்டு மே மாதம் ஒறியன்றல் வங்கி முறிந்தது. 1869இல் இலையைப் பற்றிய பூஞ்சண நோயால் கோப்பித் தோட்டங்கள் ஆண்டுதோறும் அழிந்துவந்தமையால், அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கி நிலைதளர்ந்தது. அவ்வங்கியின் நோட்டுகளே நாட்டில் பெரும்பாலும் புழங்கியவை. ஒரு நாளில் அவை கடதாசியாய்விடும் நிலை வந்தபோது, தேசாதிபதி கோடன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்பதாக அறிவித்துப் பேரிடரைத் தடுத்தார். ஆயினும் சிறு சேமிப்பாளனின் நெஞ்சில் அச்சம் குடிபுகுந்துவிட்டது. தபாற்கந்தோர்களிலேயே பணம் இடும் சேமிப்பு வங்கி 1885இல் நிறுவப்பட்டது. அதன் பொருட்டு உழைத்தவர்களுள் இராமநாதன் முன்னின்றார். பெருவணிகனுக்குச் செட்டியார் தெரு இருந்தது. கூலிக்காரனும் எழுதுவினைஞனும் ஒரு ரூபாயைப் பத்திரமாக வைக்க அதுவரை அருகில் இடம் இருக்கவில்லை.

அதே 1885ஆம் ஆண்டில் வெசாக் பூரணை அரசாங்க விடுமுறை நாளாயிற்று. பௌத்தர்களின் அக்கோரிக்கைக்குச் சபையில் துணைநின்றவர் தமிழர் ஆசனத்தில் இருந்த சைவர். மாமனார் தாதவம்சத்தை மொழிபெயர்த்த வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

நெல்வரியைப் பற்றியும் சொல்லவேண்டும். விளைச்சலில் ஒரு பங்கைக் காசாகக் கட்டவேண்டும் என்ற அவ்வரி, மழை பொய்த்த ஆண்டிலும் விட்டுக்கொடுக்கவில்லை. வரி கட்டமுடியாத கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. மலைநாட்டு வலப்பனைப் பகுதியில் 1880களில் நிலமிழந்து பட்டினியால் மாண்டவர் பலர். அதனை ஒழிக்கவேண்டுமென்று நீண்டகாலம் போராடியவர்களுள் ஜோர்ஜ் வோல் என்ற தோட்டத்துரையும் உண்டு. சபைக்குள்ளே இராமநாதனும் உண்டு. 1892இல் தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் அவ்வரி நீக்கப்பட்டது. துன்புற்றவர் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். தமிழர்க்கென இட்ட நாற்காலியிலிருந்து அவர்களுக்காகவும் பேசலாம் என்பதைக் காட்டியமையே அப்பதின்மூன்று ஆண்டுகளின் சிறப்பு.

ஆனால் பிறருக்காகப் பேசுவதில் ஓர் இடுக்கணும் உண்டு. பிறர் யார் என்பதையும் தாமே சொல்லிவிடும் துணிவு எளிதில் வந்துவிடும். இலங்கைச் சோனகர் மொழியாலும் வழக்கத்தாலும் தமிழரே, மதத்தால் மட்டும் வேறானவர் என்று இராமநாதன் வாதித்தார். 1888இல் அதனை ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் படித்தார். புறக்கோட்டைக் கடைவீதிகளில் தலைமுறை தலைமுறையாக வாணிகம் நடத்திய முஸ்லிம்கள் அதனை ஏற்கவில்லை. தமிழரே என்றால் தனி ஆசனம் எதற்கு என்ற கேள்வி அக்கட்டுரையின் அடியில் மறைந்திருந்ததை அவர்கள் கண்டுகொண்டனர். 1889இல் சபை விரிவாக்கப்பட்டபோது முஸ்லிம்களுக்கு ஓரிடம் கிடைத்தது, எம். சி. அப்துல் ரகுமான் நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் இராமநாதனின் கூற்றுக்கு விரிவான மறுப்பு நூல் எழுதினார். மொழியறிவும் சட்டவறிவும் மிக்க இராமநாதன் இவ்விடத்தில் தவறினார் என்றே கூறவேண்டும். ஒரு சமூகம் தன்னை இன்னதென்று கூறும்போது, அதனை நீதிமன்றக் குறுக்கு விசாரணையால் மறுத்துவிட இயலாது.

1892இல் அவர் மன்றாடியார் நாயகமானார். ஆசனம் அவருடைய தமையனார் குமாரசுவாமிக்குப் போயிற்று. குடும்பத்தை விட்டு அகலவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் கழித்த பதினான்கு ஆண்டுகளையும், அமெரிக்கச் சொற்பொழிவுகளையும், கிறித்தவ சுவிசேஷங்களுக்குச் சைவ நோக்கில் எழுதிய உரைகளையும் இங்கே விரிக்கவேண்டியதில்லை. தந்தையார் பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில் எழுப்பிய சிவன் கோயிலை 1907க்கும் 1912க்கும் இடையில் முழுதும் கருங்கல்லாற் புதுக்கினார். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். பிந்தியதன் வளாகமே 1974இல் யாழ்ப்பாணத்தின் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று.

1911இல் முதன்முறையாக இலங்கையர் ஒருவரை இலங்கையரே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. 'படித்த இலங்கையர்' ஆசனம் என்று அதற்குப் பெயர். அக்காலத்தில் இத்தீவின் சனத்தொகை 41 இலட்சம். வாக்காளராகப் பதிவானோர் ஏறக்குறைய 3,000 பேர். இராமநாதன் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். சிங்கள வாக்காளர் பெரும்பான்மையினராய் இருந்தும் தமிழர் வென்றது ஒற்றுமைக்கு அடையாளம் என்று அன்றுதொட்டுக் கூறப்பட்டு வருகிறது. அதில் உண்மை உண்டு. கரையாவ குலத்தவரான பெர்னாண்டோவைக் காட்டிலும் வெள்ளாளத் தமிழரே மேல் என்று கொவிகமத் தலைவர் சிலர் எண்ணினர் என்பதும் உண்மை. வரலாறு பெரும்பாலும் இவ்வாறு கலப்பான நெல்லாகவே வந்து சேர்கிறது.

பின்னர் வந்தது 1915. மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலகம் சில நாட்களில் கொழும்பையும் பிறவிடங்களையும் பற்றியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன. ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிறந்தது. கலகம் அடங்கிய பின்னும் அச்சட்டம் அடங்கவில்லை. விசாரணையின்றிச் சுடப்பட்டவர் உண்டு. டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா போன்றோர் சிறையிலிடப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையில் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். அச்சத்தால் நாடு வாயடைத்து நின்றது. சபையில் எழுந்து, நாள் குறித்து, இடங் குறித்து, இறந்தார் பெயர் குறித்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்டவர் அறுபத்துநான்கு வயதினராகிய இராமநாதன். அத்தோடு அமையாமல், ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உலவிய போர்க்காலக் கடலில் இங்கிலாந்துக்குச் சென்று குடியேற்ற நாட்டு மந்திரியிடம் முறையிட்டார். தம் சபைப் பேச்சுகளை 1916இல் இலண்டனில் நூலாக அச்சிட்டார். அவர் திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்கள மக்கள் அவருடைய வண்டியைத் தம் கையால் இழுத்துச் சென்றனர்.

வண்டியை இழுத்த காட்சி யாவர்க்கும் நினைவிருக்கிறது. கடை எரிந்து நின்ற முஸ்லிம் வணிகர்க்கு அக்காட்சி எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை நினைத்தோர் சிலரே. அரசாங்கத்தின் கொடுமையை நிறுத்துவதில் நாட்டமுற்ற அப்பேச்சாளர், தாக்குண்ட சமூகத்தின் துயருக்கு அதே அளவு குரல் கொடுக்கவில்லை. ஆயினும் ஒன்றை மறுக்கமுடியாது: வாயடைத்திருந்த நாட்டில் அவர் ஒருவர் வாய்திறந்தார்.

தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் வேறொரு வழி நடந்தார். தோட்டத் தொழிலாளி வேலையை விட்டால் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை எதிர்த்தார். கங்காணியின் கடனோடு தொழிலாளியையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறையை எதிர்த்தார். தொழிலாளர் நலனுக்காக 1919இல் சங்கம் அமைத்தார். அதே ஆண்டில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல்மாகாணத்தில், அதாவது கொழும்பில், தமிழர்க்கு ஓர் ஆசனம் ஒதுக்க ஆதரவளிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் அவருக்கு எழுத்தில் வாக்களித்திருந்தனர். அவ்வாக்குக் காக்கப்படாதபோது 1921இல் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1924 ஜனவரியில் மதுரையில் காலமானார். ஓர் ஆசனத்தைப் பற்றிய கேள்வி இக்குடும்பத்தை மீண்டும் மீண்டும் தொடர்ந்து வந்தது.

1927இல் டொனமூர் குழுவினர் வந்தனர். 1928இல் அறிக்கை வெளியிட்டனர். இனவாரி ஆசனங்கள் ஒழியவேண்டும். இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் முப்பது வயது நிரம்பிய பெண்ணும், எழுத்தறிந்தவரும் அறியாதவரும், வாக்களிக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. இராமநாதன் தம் வலிமையெல்லாம் கூட்டி அதனை எதிர்த்தார். தமிழரைப் பற்றிய அவருடைய அச்சம் வெறுங்கற்பனையன்று: எண்ணிக்கையே அரசாளும் முறையில் சிறுபான்மையினர் நிலை என்னாகும் என்று அவர் கேட்டதைப் பின்வந்த ஆண்டுகள் பலமுறை கேட்டன. ஆனால் அவ்வெதிர்ப்பு அங்கே நிற்கவில்லை. கல்வியும் சொத்தும் இல்லாத மக்கள் கையில் வாக்கைக் கொடுத்தலே தகாது என்றும் அவர் கருதினார். நெல்வரியால் நிலமிழந்த கமக்காரனுக்காக வாதிட்டவர், அக்கமக்காரனின் மகன் தனக்காகத் தானே வாக்களிப்பதை விரும்பவில்லை. அரை நூற்றாண்டாகப் பிறர் சார்பில் நின்று பேசியே பழகிய அப்பெரியார்க்கு, ஒருவன் சார்பாளர் இன்றித் தானே பேசுவது முறைகேடாகத் தோன்றியது போலும்.

1929 டிசம்பரில் 19 வாக்குகள் சார்பாகவும் 17 எதிராகவும் விழ, சபை டொனமூர்த் திட்டத்தை ஏற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களுள் இராமநாதன் ஒருவர். எழுபத்தொன்பதாம் வயதில் மீண்டும் இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அமைச்சிடம் மனு அளித்தார். இம்முறை வென்றுவரவில்லை. 1930 நவம்பர் 26ஆம் நாள் கொழும்பில் அவர் உயிர் பிரிந்தது. குமாரசுவாமி முதலியார் நியமனம் பெற்ற 1835ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், இடையிட்டு இடையிட்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அக்குடும்பத்தின் குரல் நாட்டின் சபையில் ஒலித்திருந்தது.

அவர் மறைந்த மறுவருடம், 1931இல், சர்வசன வாக்குரிமையின்கீழ் அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியில் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்ற தமிழர் வென்றார். அவரது தேர்வு செல்லாதென்று தீர்ப்பானபோது, 1932இல் இடைத்தேர்தல் வந்தது. அதில் அவருடைய மனைவியார் நேசம் சரவணமுத்து போட்டியிட்டார். துறைமுகத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், முதன்முறையாக வாக்குச்சாவடி கண்ட பெண்களும், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகக் கலந்து வாழ்ந்த அத்தொகுதி அவரைத் தேர்ந்தது. இலங்கைச் சட்டமன்றத்தில் அமர்ந்த இரண்டாவது பெண்மணி அவர்.